மூலிகையை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரங்கள்

திப்பிலியை அளவு மீறித் தொடர்ந்து சாப்பிடக் கூடாது என்கிறது ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை. விமான ஸ்தானம் என்ற பகுதியின் முதல் அத்தியாயத்தில், திப்பிலி, க்ஷாரம் (சாம்பலிலிருந்து எடுக்கும் காரப்பொருள்), உப்பு மூன்றையும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. சளிக்கும் இருமலுக்கும் திப்பிலியைப் போற்றும் அதே நூல்தான் இதையும் சொல்கிறது. இன்னோர் இடத்தில், முறையாகக் கொடுத்தால் கொடிய விஷமும் நல்ல மருந்தாகும், முறை தவறிக் கொடுத்தால் மருந்தே கொடிய விஷமாகும் என்கிறது.

இன்று கைபேசிக்கு வந்து சேரும் மூலிகைக் குறிப்புகளில் இந்த இரண்டாவது பாதியைக் காணோம். எந்த வேர் எந்த நோய்க்கு, எத்தனை சிட்டிகை, தேனிலா பாலிலா என்பது எல்லாம் இருக்கிறது. யார் சாப்பிடக் கூடாது, எத்தனை நாளோடு நிறுத்த வேண்டும், எந்த மாத்திரையோடு சேராது என்பது இருப்பதில்லை. பரம்பரை வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, வயதும் வேலையும் கேட்டு, "இது உங்க உடம்புக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். அதை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். சித்த, ஆயுர்வேத மருந்துகள் புழங்கிய வீட்டில் வளர்ந்தவள். அந்த மருந்துகளின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, "பொடி, லேகியம், கஷாயம் ஏதாவது?" என்று மறுபடி கேட்டதும் "அது தினமும் சாப்பிடறேனே, அது மருந்தா என்ன?" என்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கவலை கூடிவிட்டது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

முதலில் அதிமதுரம். எல்லோர் வீட்டிலும் இருக்கும், குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம் என்று நம்பப்படும், தொண்டைக்கு உண்மையிலேயே இதமான வேர். அதன் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். நம் சிறுநீரகத்தில் ஒரு நொதி இருக்கிறது. உடம்பில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கார்டிசால் என்ற இயக்குநீரை அந்த இடத்தில் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. கிளிசிரைசின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அப்போது கார்டிசால், உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோனின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. சோடியமும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் கை கால் தளரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

எவ்வளவு சாப்பிட்டால் இப்படி ஆகும்? தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003இல் சொன்னது. தரமான அதிமதுர வேரில் நூற்றுக்கு நான்கு பங்காவது கிளிசிரைசின் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்து நூலின் அளவு. அப்படியானால் மூன்று கிராம் பொடியில், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியில், 120 மில்லிகிராம். ஒரு வாரம் தொண்டை வலிக்குச் சுவைப்பவருக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. "தினமும் ஒரு ஸ்பூன், வாழ்நாள் முழுக்க" என்று ஆரம்பிப்பவருக்குத்தான் கணக்கு உதைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கறுப்பு அதிமதுர மிட்டாயைச் சில வாரங்களாகத் தினமும் ஒரு பைக்கு மேல் தின்றுவந்த 54 வயதுக்காரர் இதயம் நின்று இறந்ததை 2020இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவர் தின்றது மருந்துகூட இல்லை, வெறும் தின்பண்டம்.

எங்கள் மருத்துவமனைக்கு ஒரு பெரியவர் வந்தார். இதய பலவீனம். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் இதயத்துக்கு டிகாக்சினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படி ஏற முடியவில்லை, தொடை சோர்ந்துபோகிறது என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் மூன்றுக்கும் கீழே இருந்தது. 3.5க்குக் குறையக் கூடாது. நீர் மாத்திரை ஒரு பக்கம் பொட்டாசியத்தை வெளியேற்ற, வறட்டு இருமலுக்கென்று மருமகள் அன்போடு காய்ச்சிக் கொடுத்த அதிமதுரக் கஷாயம் இன்னொரு பக்கம் அதையே செய்துகொண்டிருந்தது. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகிவிடும். "அப்பா, கஷாயத்தைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "கேட்கலையேம்மா" என்றார். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த மருமகள் அழுததுதான் எனக்கு மறக்கவில்லை. அவர் செய்தது எதுவும் குற்றமில்லை. இதயநோயாளிக்கு அதிமதுரம் ஆகாது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆக, உயர் ரத்த அழுத்தம், இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் மாத்திரை, டிகாக்சின், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களும் அதிமதுரத்தைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். கர்ப்பிணிகள் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பின்லாந்து அரசே அறிவுறுத்துகிறது. நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது, விளைவு வாரக்கணக்கில் தங்கலாம்.

மாத்திரையோடு மூலிகை சேரும்போது நடப்பது எப்போதும் இப்படி வெளிப்படையாகத் தெரிவதில்லை. திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. வலிப்புக்கான ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவை அது ரத்தத்தில் கூட்டுவதாக ஆய்வுகள் உண்டு. ரசத்தில் தட்டிப் போடும் மிளகைச் சொல்லவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு சூரணத்தை நாள் தவறாமல் சாப்பிடுவதைச் சொல்கிறேன். எதிர்த்திசையிலும் நடக்கும். ஞாபகசக்திக்குக் கொடுக்கப்படும் சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேத மருந்து ஒன்றைச் சாப்பிட்ட வலிப்பு நோயாளிகளுக்கு, ஃபெனிடாயினின் அளவு ரத்தத்தில் குறைந்து, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்ததை இந்திய ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள். வலிப்புள்ள பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்று ஞாபகசக்தி மருந்து வாங்கும் பெற்றோரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. மூட்டுவலிக்குச் சாப்பிடும் குக்குலு, புரோப்ரனலாலும் இதயநோய்க்கான டில்டியாசெமும் உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும், உண்மைதான். ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவருக்கு அது தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும் எந்த மூலிகையையும் தாமாக ஆரம்பிக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துவைத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" பொடியைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் கொரோனா காலத்தில் சீந்தில் கொடி வீடு வீடாகப் போனது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் சீந்தில் குடித்த பிறகு கல்லீரல் அழற்சியோடு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அடுத்து, நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. பலரிடம் கண்டது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி. ஆயுஷ் அமைச்சகம் இந்த முடிவை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது என்றது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்துப் பயன்படுத்தும் ஆபத்தையும் சுட்டிக்காட்டியது. இந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று தேடுவதைவிட, அதிலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கிறேன். கொடி சரியானதுதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேலியிலிருந்து அறுத்துக் காய்ச்சாதீர்கள். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், அதாவது ஹாஷிமோட்டோ தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் போன்றவை இருப்பவர்கள், சரியான சீந்திலையும் தவிர்க்க வேண்டும். கல்லீரல் நோய் இருப்பவர்களும்தான்.

அஸ்வகந்தா என்கிற அமுக்கராவுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு சேர்ந்துவருகிறது. தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் என்று உலகமெங்கும் மாத்திரையாக விற்கிறது. மரபில் பயன்பட்டது கிழங்கு. இலைச்சாறு கலந்த தயாரிப்புகள் சந்தைக்கு வர, இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு 2021இல் ஆயுஷ் அமைச்சகம் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா சாப்பிட்ட ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வந்ததை 2020இல் ஓர் ஆய்வு எழுதியது. தொடங்கி இரண்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வந்திருக்கிறது. நிறுத்தியபின் எல்லோரும் குணமானார்கள். டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் தைராய்டு சுரப்பு கூடுதலாக இருப்பவர்கள், தைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அமுக்கரா ஏற்றதில்லை. அது தைராய்டு இயக்குநீரைக் கூட்டலாம், தூக்கக் கலக்கத்தையும் கூட்டலாம். வெண்புள்ளிக்கு உள்ளுக்குக் கொடுக்கும் கார்போகரிசியும், மிளகுச்சத்து சேர்த்து மாத்திரையாக்கிய மஞ்சளும் கல்லீரல் பாதிப்புப் பட்டியலில் உண்டு.

மேலே சொன்னவையெல்லாம் சிலருக்கு, சில வேளைகளில் ஆகாதவை. யாருக்கும் எப்போதும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வது ஆடுதின்னாப்பாளையையும் பெருமருந்து என்கிற ஈசுரமூலியையும். இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். பூச்சிக்கடிக்கு, வயிற்றுப் புழுவுக்கு, மாதவிலக்குக் கோளாறுக்கு என்று இன்றும் சிபாரிசு செய்கிறார்கள். இந்த இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கி, மீள முடியாமல் செய்துவிடும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரியவந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துபோயிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து குடிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்ற பதில் இங்கே உதவாது. இந்தப் பாதிப்பு உடனே தெரிவதில்லை. மாதங்களும் வருடங்களும் கழித்துச் சிறுநீரகம் பழுதாகும்போது, என்றோ குடித்த கஷாயத்தோடு அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

மூலிகை என்ற பெயரில் குடிக்கும் காய்ச்சாறுகளிலும் கவனம் வேண்டும். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மடக்குகூட வேண்டாம். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் குடலைப் புண்ணாக்கி உயிரையே எடுத்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழுவும் இதைத்தான் எச்சரித்தது. கொழுப்புக் குறைய பிலிம்பிக்காய்ச் சாறு குடித்து, அதிலுள்ள ஆக்சலேட்டால் சிறுநீரகம் பழுதான பத்துப் பேரைப் பற்றிக் கேரளத்திலிருந்து 2013இல் ஆய்வறிக்கை வந்தது.

குழந்தை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். பிறந்த குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுக்கட்டி உண்டாக்கியதால், 1968லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், மருத்துவர் கொடுக்கும் மருந்து மட்டும் விதிவிலக்கு. உரைமருந்தும் அந்த "எதுவும்" என்பதில் அடக்கம். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதையும் நிறுத்துங்கள், கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பை வரவழைக்கும். பாட்டிகளிடம் இதைச் சொல்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். "பாட்டி, உங்க கைப்பக்குவத்துல குறை இல்ல, குழந்தையோட கல்லீரல் இன்னும் முதிரல" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் இன்னொரு பயம் உலோகம். ரச சாஸ்திர முறையில் பாதரசமும் ஈயமும் வேண்டுமென்றே சேர்க்கப்படும் மருந்துகள் உண்டு. செடியே மண்ணிலிருந்து உறிஞ்சுவதும் உண்டு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இணையத்தில் வாங்கிய 193 தயாரிப்புகளை 2008இல் சோதித்தபோதும் ஐந்தில் ஒரு பங்கு அப்படித்தான். அமெரிக்காவில் செய்தவையும் இந்தியாவில் செய்தவையும் இதில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. 2011, 2012இல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு அவர்கள் சாப்பிட்ட ஆயுர்வேத மாத்திரைகளே காரணமாக இருந்தன. ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளைக்குப் போய்விடும். கர்ப்பமாக இருக்கும்போதும், கருத்தரிக்க முயலும்போதும், பால் கொடுக்கும்போதும் பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்து எதுவும் தாமாக வேண்டாம்.

நம் சட்டத்திலேயே இதற்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது, யாரும் படிப்பதில்லை என்பதுதான் குறை. மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளில், நஞ்சுள்ள மூலப்பொருள்களைப் பட்டியலிடும் ஈ(1) என்று ஓர் அட்டவணை. எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை, நாபி, குன்றிமணி, அலரி, நேர்வாளம், செங்காந்தள் கிழங்கு இவையெல்லாம் அதில் வருகின்றன. இவை சேர்ந்த மருந்தின் உறையில், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். அந்த வரியைப் பார்த்தால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டம் சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. "சர்க்கரையை வேரோடு அகற்றும்" என்று ஒரு பொடி உங்களிடம் வந்தால், விற்பவர் அந்த ஒரு வரியிலேயே சட்டத்தை மீறிவிட்டார். அவருடைய மற்ற உறுதிமொழிகளை நான் நம்பமாட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்றா? குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லா மூலிகையையும் நிறுத்தலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தம் உறைவதையும் மயக்க மருந்தின் ஆழத்தையும் பாதிக்கக் கூடியவை அவற்றில் பல. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஏதோ ஒரு மூலிகை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்துக்குள் காரணமில்லாத அரிப்பு, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல், தேயிலைச் சாயம்போல் சிறுநீர், கண்ணில் மஞ்சள், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள். உடம்பிலுள்ள கெட்டது வெளியேறுகிறது, அதனால்தான் இப்படி என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். மீதிப் பொடியைக் கொட்டிவிட வேண்டாம். உறையோடு, தொகுதி எண்ணோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் காய்ச்சியது என்றால் அந்தக் கொடியிலோ வேரிலோ ஒரு துண்டு. ஆயுர்வேத, சித்த மருந்துகளின் பாதிப்பைப் பதிவு செய்யவும் 2018 முதல் ஆயுஷ் அமைச்சகத்தின் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, டெல்லியிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தேசிய மையம். மருந்தைக் கொடுத்த வைத்தியரிடமே இதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.